வீட்டில் தீனிப்பூச்சி வளர்ப்பு: சூடு இலவசம், ஈரமே எதிரி

பாடும் பறவை, கெலிசா மீன், வேட்டையாடித் தின்னும் மற்ற தொட்டி மீன்கள் ஆகியவற்றை வளர்க்கும் வீடுகளில் ஒரு தேவை மட்டும் ஓய்வதே இல்லை. அது உயிருள்ள தீனி. தமிழில் சோலைபாடி எனப்படும் முராய் பத்து, காட்டில் பூச்சி தின்று வாழும் பறவை. கூண்டுக்கு வந்த பிறகும் உலர்தீனி மட்டும் அதற்குப் போதாது. அதனால்தான் பறவைப் பிரியர்கள் பலர் வாரந்தோறும் செல்லப்பிராணிக் கடைக்குச் சென்று பை பையாகச் செங்கெரிக் வாங்குகிறார்கள். வாங்கியதில் ஒரு பகுதி இரண்டு மூன்று நாளில் செத்துப்போவதும், மழைக்காலத்தில் கடையில் சரக்கு இல்லாமல் போவதும் அவர்களுக்குப் பழகிப்போன தொல்லை.

கடையில் கிடைக்காதபோது சிலர் திடலிலும் தோட்டத்து ஓரத்திலும் பூச்சி பிடிக்கிறார்கள். இதில் ஆபத்து உண்டு. புல்லுக்கும் செடிக்கும் அடித்த மருந்து பூச்சியின் உடலில் தங்கியிருக்கலாம். பூச்சியின் வயிற்றில் இருப்பது அடுத்த நிமிடம் பறவையின் வயிற்றுக்குள் போகிறது. வீட்டில் பூச்சி வளர்ப்பதன் உண்மையான பலன் பணச் சேமிப்பைவிட இதில்தான் இருக்கிறது. பூச்சி என்ன தின்றது என்பது வளர்ப்பவருக்குத் தெரியும்.

பூச்சி வளர்ப்பு பற்றி இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகள் பெரும்பாலும் குளிர்நாட்டவர் தயாரித்தவை. பெட்டியை எப்படிச் சூடாக்குவது என்பதிலேயே அவற்றின் பாதிக் கவனம் போய்விடும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அந்தக் கவலை இல்லை. இங்கே பூச்சிப் பெட்டியை அழிப்பவை ஈரம், எறும்பு, பல்லி, கொசு மருந்து ஆகிய நான்கும்தான். இந்த நான்கையும் தடுக்கும் வகையில் பெட்டியை அமைத்துவிட்டால் மற்ற வேலையைப் பூச்சியே பார்த்துக்கொள்ளும்.

எந்தப் பூச்சி, யாருக்கு?

வீட்டில் வளர்க்க ஏற்றவை மூன்று.

முதலாவது செங்கெரிக். தமிழில் சுவர்க்கோழி என்றும், பேச்சுவழக்கில் சில்வண்டு என்றும் சொல்லப்படுவது. தீனிக்காக வளர்க்கப்படுபவற்றில் பழுப்பு நிற வீட்டுச் செங்கெரிக்கும், இறக்கை தொடங்கும் இடத்தில் இரண்டு மஞ்சள் புள்ளிகள் கொண்ட கறுப்புச் செங்கெரிக்கும் முக்கியமானவை. இரண்டுக்கும் பெட்டி அமைப்பு ஒன்றேதான். கறுப்பு இனம் உருவில் பெரியது, சத்தமும் அதிகம்.

இரண்டாவது மாவுப்புழு. கடைகளில் மீல்வோர்ம் என்ற பெயரில் கிடைப்பது. உண்மையில் இது புழு அன்று, ஒரு கறுப்பு வண்டின் இளம் பருவம். சத்தமில்லை, குதிக்காது, வழவழப்பான சுவரில் ஏறாது, நாற்றமும் குறைவு. அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களும் புதிதாகத் தொடங்குபவர்களும் இதிலிருந்து தொடங்குவது நல்லது.

மூன்றாவது சூப்பர் வோர்ம். இதுவும் ஒரு வண்டின் இளம்பருவமே. ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் வளரும். பெரிய மீன்களுக்கு ஏற்றது.

உயிருள்ள பூச்சி 100 கிராம் எடுத்துக்கொண்டால் மூன்றிலும் புரதம் ஏறக்குறைய 20 கிராம்தான். வேறுபாடு கொழுப்பில் இருக்கிறது. செங்கெரிக்கில் சுமார் 7 கிராம், மாவுப்புழுவில் 13 கிராம், சூப்பர் வோர்மில் 18 கிராம். அதனால்தான் அன்றாடத் தீனிக்குச் செங்கெரிக் பொருந்துகிறது. மற்ற இரண்டும் அளவோடு கொடுக்க வேண்டியவை. கூண்டுக்குள் அதிகம் பறக்காத பறவைக்கு நாள்தோறும் சூப்பர் வோர்ம் கொடுத்தால் அது கொழுத்துப் போகும்.

கறுப்புப் படைவீரன் ஈயின் புழுவில் இயற்கையாகவே கால்சியம் அதிகம் என்பதால் அதற்கும் பெயர் உண்டு. ஆனால் அது சமையலறைக் கழிவில் வளர்வது. ஈக்கள் இணைசேர நல்ல வெளிச்சமும் இடமும் தேவை. நிலம் உள்ளவர்களுக்கு அது தனி முயற்சி, அறைக்குள் வைக்கும் பெட்டிக்கு ஏற்றதன்று.

மாவுப்புழுப் பெட்டி

தேவையானவை: வழவழப்பான உட்சுவர் கொண்ட, பத்து லிட்டர் அளவுள்ள ஆழம் குறைந்த பிளாஸ்டிக் பெட்டிகள் மூன்று, கோதுமைத் தவிடு அல்லது ஓட்ஸ், முட்டை அட்டைத் துண்டுகள், கேரட், மூடிக்குக் கம்பி வலை.

மூடியின் நடுப்பகுதியை வெட்டியெடுத்து, ஓரத்தில் ஐந்து சென்டிமீட்டர் விட்டு, அந்த இடத்தில் மெல்லிய உலோக வலையைச் சூடான பசையால் ஒட்ட வேண்டும். சிறு துளைகள் போட்டால் போதும் என்று நினைப்பதுதான் இங்கே பலர் தவறும் இடம். நம் நாட்டில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலான நாள்களில் 80 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். பெட்டிக்குள் காற்று ஓடவில்லை என்றால் தவிடு கட்டிப்பட்டு, பூஞ்சை பிடித்து, ஒரே வாரத்தில் புளித்த வாடை வந்துவிடும்.

தவிட்டை வாங்கியதும் பையோடு பிரீசரில் நான்கைந்து நாள் வைத்தெடுக்க வேண்டும். அதிலிருக்கும் செள்ளும் அந்துப்பூச்சி முட்டையும் இதனால் அழியும். பிறகு அறை வெப்பத்துக்கு வந்த பின்னரே பையைத் திறக்க வேண்டும். குளிர்ந்த தவிட்டைத் திறந்தால் காற்றிலுள்ள நீர் அதில் படிந்துவிடும்.

பெட்டியில் தவிடு மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் உயரம் இருந்தால் போதும். அதற்கு மேல் நிரப்பக்கூடாது. மாவுப்புழுவுக்கு ஏற்ற வெப்பம் 25 முதல் 28 டிகிரி வரைதான். புழுக்கள் நெருக்கமாகக் கிடந்தால் அவற்றின் உடற்சூட்டாலேயே பெட்டியின் நடுப்பகுதி வெளியைவிடச் சூடாகிவிடும். ஆகவே மாவுப்புழுப் பெட்டியை வீட்டில் ஆகக் குளிர்ச்சியான இடத்தில், அலமாரியின் கீழ்த்தட்டில் வைக்க வேண்டும். கூரைத் தகரத்தின் கீழோ மாலை வெயில் படும் இடத்திலோ வைக்கக்கூடாது.

தண்ணீர்க் கிண்ணம் வேண்டியதில்லை. தோல் சீவிய கேரட் துண்டு, உருளைக்கிழங்கு, பூசணி ஆகியவற்றில் ஒன்றை அட்டைத் துண்டின்மேல் வைத்தால் அதிலிருந்தே புழு நீரை எடுத்துக்கொள்ளும். இன்று வைத்ததை மறுநாள் எடுத்துவிட வேண்டும். தவிட்டின்மேல் நேரடியாக வைத்தால் அந்த இடம் ஈரமாகிப் பூஞ்சைக்கு வித்தாகும்.

மூன்று பெட்டிகள் எதற்கு? வண்டு தன் முட்டையையே தின்னும். புழுவும் வண்டும் அசைவற்றுக் கிடக்கும் கூட்டுப்புழுவைக் கடிக்கும். எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் விட்டால் பெருகுவதைவிடத் தின்னப்படுவது கூடிவிடும். ஆகவே முதல் பெட்டி வண்டுகளுக்கு, இரண்டாவது முட்டைக்கும் வளரும் புழுவுக்கும், மூன்றாவது கூட்டுப்புழுவுக்கு.

தொடக்கத்துக்கு நூறு முதல் இருநூறு பெரிய புழுக்களை வாங்கி விட்டால் சில வாரங்களில் அவை வெள்ளை நிறக் கூட்டுப்புழுக்களாக மாறத் தொடங்கும். அவற்றைக் கரண்டியால் மெதுவாக எடுத்து மூன்றாவது பெட்டிக்கு மாற்ற வேண்டும். ஒன்றிரண்டு வாரத்தில் வண்டு வெளிவரும். முதலில் வெளிறிய நிறம், பிறகு பழுப்பு, பிறகு கறுப்பு. வண்டுகளைத் தவிடு நிறைந்த முதல் பெட்டியில் விட்டு, மேலே முட்டை அட்டையைக் கவிழ்த்து வைக்க வேண்டும். இரண்டு வாரம் கழித்து அந்த அட்டையைத் தூக்கிப் பார்த்தால் வண்டுகள் அதில் தொற்றிக்கொண்டிருக்கும். அவற்றைப் புதுத் தவிடு போட்ட பெட்டிக்குத் தட்டிவிட்டு, பழைய பெட்டியை அப்படியே விட்டுவிட வேண்டும். அதில் முட்டைகள் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியவில்லை என்று கொட்டிவிடக்கூடாது.

முட்டையிலிருந்து தீனிக்குரிய அளவுக்கு வளர மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். எனவே முதல் நான்கு மாதம் கடைப் புழுவையும் வாங்கிக்கொண்டுதான் இருக்க வேண்டும். அவசரப்பட்டு வண்டுகளையோ வளர்ந்துவரும் முதல் தலைமுறையையோ தீனிக்கு எடுத்தால் வளர்ப்பு அத்தோடு நின்றுவிடும்.

செங்கெரிக் பெட்டி

செங்கெரிக்குக்கு உயரமான பெட்டி வேண்டும். ஐம்பது அறுபது லிட்டர் அளவுள்ள பிளாஸ்டிக் பெட்டி பொருத்தமானது. உட்சுவரின் மேல் விளிம்பைச் சுற்றிலும் அகலமான ஒட்டுநாடாவை ஒட்டிவிட்டால் பூச்சி கால் வைக்க இடமில்லாமல் வழுக்கி விழும். பயன்படுத்தப் பயன்படுத்தப் பெட்டியின் சுவரில் கீறல் விழும், அந்தக் கீறலைப் பிடித்தே பூச்சிகள் ஏறும். அதனால் நாடாவை அவ்வப்போது மாற்ற வேண்டும்.

மூடியிலும், எதிரெதிரான இரண்டு பக்கங்களின் மேற்பகுதியிலும் உலோக வலை வைக்க வேண்டும். நைலான் கொசுவலை இதற்கு உதவாது. செங்கெரிக் அதைக் கடித்துத் துளைபோட்டு வெளியேறிவிடும்.

உள்ளே முட்டை அட்டைகளைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வரிசையாக வைக்க வேண்டும். எச்சம் அட்டையில் தங்காமல் கீழே விழும், துப்புரவு எளிதாகும். பெட்டியின் அடியில் மண்ணோ மரத்தூளோ போட வேண்டியதில்லை. வெறும் தரையாக இருந்தால்தான் செத்த பூச்சியும் மிச்சத் தீனியும் கண்ணில் படும்.

தீனிக்கு மருந்து கலக்காத கோழிக்குஞ்சுத் தீவனத்தைப் பொடித்துத் தட்டையான மூடியில் வைக்கலாம். புரதம் குறைந்தாலும் இடம் நெருக்கினாலும் செங்கெரிக் ஒன்றையொன்று தின்னத் தொடங்கும். காலும் இறக்கையும் இல்லாத பூச்சிகள் அதிகம் தென்பட்டால் அதுவே அறிகுறி. தண்ணீரைத் திறந்த கிண்ணத்தில் வைத்தால் குஞ்சுகள் மூழ்கிச் சாகும். தட்டில் கூழாங்கற்களை நிரப்பி அவற்றுக்கிடையே நீர் ஊற்றலாம். ஈரப் பஞ்சும் வைக்கலாம், ஆனால் இரண்டு நாளைக்கு ஒருமுறை அதைக் கழுவ வேண்டும்.

ஆணையும் பெண்ணையும் பிரித்தறிவது எளிது. வளர்ந்த பெண்ணின் பின்புறத்தில் ஊசிபோல் நீண்ட முட்டையிடும் குழல் இருக்கும். ஆணுக்கு அது இல்லை. இறக்கைகளை உரசிச் சத்தமெழுப்புவது ஆண் மட்டுமே. மூன்று பெண்ணுக்கு ஓர் ஆண் போதும். மீதி ஆண்களை முதலில் தீனிக்கு எடுத்துவிட்டால் இரவுச் சத்தமும் குறையும், அண்டை வீட்டாரின் முணுமுணுப்பும் குறையும்.

முட்டையிட ஒரு சிறு டப்பா வைக்க வேண்டும். பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் ஈரமான தேங்காய் நார்த்தூளை நான்கு சென்டிமீட்டர் உயரத்துக்கு நிரப்பலாம். கையில் எடுத்துப் பிழிந்தால் ஒரு சொட்டு நீர் வருவதும் வராததுமாக இருப்பதே சரியான ஈரம். மேலே வலைத் துண்டு ஒன்றை வைத்து அழுத்திவிட்டால், பெண் பூச்சி குழலை மட்டும் உள்ளே விட்டு முட்டையிடும், மற்றவை தோண்டித் தின்ன முடியாது. செங்கெரிக் வளர்ப்பைத் தொழிலாகவே செய்யும் தாய்லாந்து விவசாயிகள் இதற்கு உமிச் சாம்பலைக் கிண்ணத்தில் ஈரமாக்கி வைக்கிறார்கள்.

ஒன்றிரண்டு நாளில் டப்பாவை எடுத்து, மூடியில் சில துளைகளிட்டு மூடி, தனியே குஞ்சுப் பெட்டியில் வைக்க வேண்டும். இரண்டு நாளுக்கு ஒருமுறை மேற்பரப்பைத் தொட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் நீர் தெளிக்க வேண்டும். பூச்சி வளர்ப்பில் ஈரம் வேண்டிய ஒரே இடம் இந்த டப்பாதான். நம் வெப்பத்தில் பத்து நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் எறும்பளவுக் குஞ்சுகள் வெளிவரும். அப்போது மூடியை எடுத்துவிட்டால் அவை தாமாகவே பெட்டிக்குள் இறங்கும். பின்னர் ஆறு முதல் எட்டு வாரத்தில் இறக்கை முளைத்து முழு வளர்ச்சி அடையும். வளர்ந்த செங்கெரிக்கின் ஆயுள் ஏறக்குறைய இரண்டு மாதம்.

அளவு பெரிதும் வேறுபடும் பூச்சிகளை ஒன்றாக விடக்கூடாது, பெரியது சிறியதைத் தின்னும். ஆகவே இங்கும் மூன்று பெட்டிகள்: தாய்ப் பெட்டி, குஞ்சுப் பெட்டி, வளர் பெட்டி.

சூப்பர் வோர்ம்: தனிமையே தந்திரம்

சூப்பர் வோர்ம் பெட்டியும் மாவுப்புழுப் பெட்டி போன்றதே. ஆனால் மாதக்கணக்கில் காத்திருந்தும் ஒரு வண்டுகூட வரவில்லை என்று வருந்துபவர்கள் உண்டு. காரணம் எளிமையானது. கூட்டமாக இருக்கும்வரை சூப்பர் வோர்ம் கூட்டுப்புழுவாக மாறாது. பெரிய புழுக்களைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொன்றையும் தனி அறையில் அடைக்க வேண்டும். ஆணியும் ஸ்குரூவும் போட்டுவைக்கும், பல அறைகள் கொண்ட பிளாஸ்டிக் பெட்டி இதற்குச் சரியாக அமையும். தீனி வேண்டாம், இருட்டும் சிறு காற்றுத் துளையும் போதும். ஒன்றிரண்டு வாரத்தில் புழு அரிவாள் போல் வளைந்து, பிறகு கூட்டுப்புழுவாகும். நீட்டமாகக் கிடந்து கறுத்தால் அது செத்துவிட்டது என்று பொருள்.

மாவுப்புழுவைக் குளிர்பெட்டியில் வைத்து அதன் வளர்ச்சியைத் தாமதப்படுத்தலாம். சூப்பர் வோர்மைக் குளிர்பெட்டியில் வைத்தால் செத்துவிடும்.

நான்கு எதிரிகள்

ஈரம்: தவிட்டின் மேற்பரப்பிலோ பெட்டியின் விளிம்பிலோ பழுப்பு நிறத் தூள் நகர்வதுபோல் தெரிந்தால் அது தூளன்று, செள். காற்று ஈரமாக இருக்கும் இடத்தில்தான் அது பெருகும். தொடக்கத்திலேயே கண்டுகொண்டால் காய்கறித் துண்டுகளை ஒரு வாரம் நிறுத்தி, மின்விசிறிக் காற்று படும் இடத்துக்குப் பெட்டியை மாற்றினால் குறையும். முற்றிவிட்டால் புழுக்களைச் சலித்தெடுத்துப் புதுப் பெட்டிக்கு மாற்றுவதே வழி. பழைய தவிட்டைப் பையில் கட்டிப் பிரீசரில் வைத்த பிறகே குப்பையில் போட வேண்டும்.

எறும்பு: ஒரே இரவில் ஒரு பெட்டிக் குஞ்சுகளை எறும்பு காலி செய்துவிடும். அலமாரியைச் சுவரை ஒட்டாமல் தள்ளி வைத்து, அதன் கால்களில் வாசலின் தடவலாம். பழங்கால உணவு அலமாரிக்குச் செய்ததுபோல் கால்களைக் கிண்ணத்து நீரில் நிறுத்தும் வழியும் உண்டு. ஆனால் இதில் கவனம் தேவை. தெளிந்த நீர் நிற்கும் அந்தக் கிண்ணம் ஏடிஸ் கொசு முட்டையிட ஏற்ற இடம். நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், வீட்டு வளாகத்தில் ஏடிஸ் கொசு பெருக இடம் கொடுத்தால் தண்டம் விதிக்கப்படும். பறவைக்குத் தீனி வளர்க்கப்போய் வீட்டுக்கு டிங்கியை அழைக்கக்கூடாது. கிண்ணத்தில் நீருக்குப் பதிலாகச் சமையல் எண்ணெய் ஊற்றலாம். இல்லையேல் சவர்க்கார நீர் ஊற்றி, அதை மூன்று நாளைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

பல்லி: வலைக்கும் மூடிக்கும் இடையே விரல் நுழையும் இடைவெளி இருந்தாலும் பல்லி உள்ளே வந்துவிடும். குஞ்சுகள் காரணம் தெரியாமல் குறைந்துகொண்டே வந்தால் முதலில் மூடியைச் சோதிக்க வேண்டும்.

கொசு மருந்து: கொசுவர்த்திச் சுருளும், மின்சாரத்தில் வைக்கும் கொசு விரட்டியும், தெளிப்பானும் கொசுவை மட்டும் தேடிக் கொல்பவை அல்ல. பூச்சிப் பெட்டி இருக்கும் அறையில் இவற்றைப் பயன்படுத்தினால் மறுநாள் காலை பெட்டி அமைதியாகிவிடும். டிங்கி பரவும் காலங்களில் தாமான்களில் புகை அடிக்க ஆள் வருவார்கள். அறிவிப்பு வந்ததும் பெட்டிகளைப் புகை வராத உள்ளறைக்கு மாற்றிக் கதவிடுக்குகளைத் துணியால் அடைக்க வேண்டும். மீன்தொட்டியையும் கூண்டுப் பறவையையும் இதேபோல் பாதுகாக்க வேண்டும். புகை அடிக்க வருபவர்களைத் திருப்பி அனுப்புவது தீர்வாகாது. மருந்துபட்டுச் செத்த பூச்சியை எந்தப் பிராணிக்கும் கொடுக்கக்கூடாது.

தீனிக்கு முந்திய ஒரு நாள்

வளர்த்த பூச்சியை அப்படியே எடுத்துக் கூண்டில் போடுவதோடு வேலை முடிவதில்லை. செங்கெரிக், மாவுப்புழு இரண்டிலும் கால்சியம் மிகக் குறைவு, பாஸ்பரஸ் அதைப்போல் பல மடங்கு. பறவைக்கும் பல்லியினத்துக்கும் வேண்டியது இதற்கு நேர்மாறான விகிதம். இக்குறை நீண்டநாள் நீடித்தால் எலும்பு மென்மையாகும், குஞ்சுகளின் கால் வளையும், பெட்டைப் பறவைக்கு முட்டை ஓடு மெலியும்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. தீனிக்கு எடுக்கும் பூச்சிகளை ஒரு நாள் முன்னதாகவே தனி டப்பாவுக்கு மாற்றி, சத்தான உணவு கொடுப்பது முதல் வழி. கழுவிய முருங்கைக்கீரை, கேரட், பூசணி, நன்கு பொடித்த முட்டை ஓடு கலந்த தீவனம் ஆகியவை ஏற்றவை. பசலையில் கால்சியத்தைக் கட்டிப்போடும் அமிலம் இருப்பதால் அதைத் தவிர்க்கலாம். இந்தக் கால்சிய உணவை இரண்டு மூன்று நாளுக்குமேல் கொடுத்தால் பூச்சியே செத்துப்போகும். ஆகவே தாய்ப் பெட்டியில் இதைக் கொடுக்கக்கூடாது. இரண்டாவது வழி, செல்லப்பிராணிக் கடையில் கிடைக்கும் கால்சியப் பொடியில் பூச்சியைப் புரட்டி உடனே கொடுப்பது. அரை மணி நேரம் தாமதித்தாலும் பூச்சி தன்னைத் துடைத்துக்கொள்ளும், பொடி உதிர்ந்துவிடும்.

தின்னாமல் மிஞ்சிய செங்கெரிக்கைக் கூண்டிலோ கண்ணாடித் தொட்டியிலோ இரவு முழுவதும் விட்டுவைக்கக்கூடாது. உறங்கும் சிறு பிராணிகளை அது கடிக்கும்.

எத்தனை வளர்ப்பது?

ஒரு பறவைக்குக் காலை ஐந்து, மாலை ஐந்து என்று வைத்துக்கொண்டால் வாரத்துக்கு எழுபது செங்கெரிக். ஒரு பெண் பூச்சி வாழ்நாளில் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். எனவே இருபது பெண்களும் ஏழெட்டு ஆண்களும் உள்ள தாய்ப் பெட்டியில் வாரம் ஒருநாள் மட்டும் முட்டை டப்பா வைத்தாலே, பாதி குஞ்சுகள் செத்தாலும், இரண்டு மூன்று பறவைகளுக்குத் தாங்கும். பலர் சிக்கிக்கொள்வது பற்றாக்குறையில் அல்ல, மிகுதியில். டப்பாவை ஒரு வாரம் உள்ளேயே விட்டுவிட்டால் ஆயிரக்கணக்கில் குஞ்சுகள் வெளிவந்து, இடம் போதாமல் ஒன்றையொன்று தின்று, பெட்டியே நாறிப்போகும்.

ஒரே ஒரு பறவை வைத்திருப்பவருக்கு இவ்வளவு ஏற்பாடும் தேவைதானா என்பதை முதலில் யோசிக்க வேண்டும். அவருக்குத் தங்கல் பெட்டி ஒன்றே போதுமானதாக இருக்கலாம். கடையில் வாங்கிய செங்கெரிக்கை மேலே சொன்னபடி அட்டை, தீவனம், ஈரப் பஞ்சு வைத்த காற்றோட்டமான பெட்டியில் விட்டால் பையில் இரண்டு நாளில் சாவது பத்து நாளுக்கு மேல் தாங்கும். துணைக்கு ஒரு மாவுப்புழுப் பெட்டி இருந்தால் கடையில் சரக்கு இல்லாத வாரத்தையும் ஓட்டிவிடலாம்.

தாய்ப் பூச்சிகளை ஒரே கடையில் ஒரே நாளில் வாங்காமல் இரண்டு இடங்களில் வாங்கி, சில நாள் தனித்தனியே வைத்துப் பார்த்த பிறகு சேர்ப்பது பாதுகாப்பானது. பழுப்புச் செங்கெரிக்கைத் தாக்கும் ஒரு கிருமி 2000-களில் ஐரோப்பாவிலும், 2010-ஐ ஒட்டி வட அமெரிக்காவிலும் பல பண்ணைகளைக் காலி செய்தது. கறுப்புச் செங்கெரிக் அதைத் தாங்கக்கூடியது. பெட்டியில் பூச்சிகள் மல்லாந்து கால் உதறித் திரளாகச் செத்தால், எல்லாவற்றையும் அப்புறப்படுத்தி, பெட்டியைக் குளோரின் கரைசலில் கழுவி வெயிலில் காயவைத்த பிறகே மீண்டும் தொடங்க வேண்டும்.

வீட்டாரும் சட்டமும்

இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பூச்சியும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். இரண்டிலும் ஒவ்வாமையைத் தூண்டும் ஒரே வகைப் புரதம் இருக்கிறது. எச்சத்தூளும் உதிர்ந்த தோலும் மூக்கில் ஏறினால் தும்மலும் மூச்சிரைப்பும் வரும். பெட்டியைத் துப்புரவு செய்யும்போது முகக்கவசம் அணிந்து, வீட்டுக்கு வெளியே வைத்துச் சலிக்க வேண்டும். ஆஸ்துமா உள்ளவர் படுக்கும் அறையில் பெட்டி வைக்கவே கூடாது. சலித்தெடுத்த எச்சம் பூந்தொட்டிச் செடிகளுக்கு நல்ல உரம். உயிருள்ள முட்டை அதில் தங்கியிருக்கக்கூடும் என்பதால் பிரீசரில் வைத்த பிறகே மண்ணில் சேர்க்க வேண்டும். வேண்டாத பூச்சிகளைத் தோட்டத்தில் விட்டுவிடுவதும், வெளிநாட்டு இனங்களை அஞ்சலில் தருவிப்பதும் கூடாது.

பூச்சி வளர்ப்பைவிடச் சட்டத்தின் கவனம் அதைத் தின்னும் பிராணியின் மேல்தான் அதிகம். தீபகற்ப மலேசியாவில் முராய் பத்து 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருவதால், அதை வைத்திருக்க வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் உரிமம் வேண்டும். 2022-இல் அனைத்துலக வனவிலங்கு வணிக உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலிலும் இப்பறவை சேர்க்கப்பட்டது. கெலிசா அதே உடன்படிக்கையின் முதல் பட்டியலில் உள்ள மீன். பிராணியின் ஆவணங்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்ட பிறகு தீனிப் பெட்டியைத் தொடங்குவது முறை.

வாராந்திர வேலை

நாள்தோறும்: தீவனமும் நீரும் பார்ப்பது, முந்தைய நாள் காய்கறியை எடுப்பது, செத்த பூச்சியை அகற்றுவது.

இரண்டு நாளுக்கு ஒருமுறை: பஞ்சைக் கழுவுவது, முட்டை டப்பாவின் ஈரம் பார்ப்பது.

வாரம் ஒருமுறை: செங்கெரிக் பெட்டியின் அடியைத் துடைப்பது, புது முட்டை டப்பா வைப்பது, கூட்டுப்புழுக்களைப் பிரிப்பது, எறும்புத் தடுப்பைப் புதுப்பிப்பது.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை: மாவு வண்டுகளைப் புதுத் தவிட்டுக்கு மாற்றுவது, மாற்றிய பெட்டியில் தேதி எழுதி ஒட்டுவது.

மாதம் ஒருமுறை: முட்டை அட்டைகளை மாற்றுவது, வளர் பெட்டியிலிருந்து நல்ல உருவமுள்ள பத்து இருபது பூச்சிகளைத் தீனிக்கு எடுக்காமல் அடுத்த தாய்ப் பெட்டிக்கு ஒதுக்குவது. இந்தக் கடைசி வேலையை மறந்தால், இரண்டு மாதத்தில் தாய்ப் பூச்சிகள் மடிந்து, மறுபடியும் கடைக்குப் போக வேண்டியிருக்கும்.